சுவரோரத்து மூன்றாம் கல்

786

ரங்கூன், கெமண்டைன்
1926 ஆகஸ்டு 8

என் தங்கச்சி பெற்று நான் வளர்த்த மகள் ஜுலைகாவுக்குப் பெரியம்மா சுல்தான் பீவி சலாம் சொல்லி எழுதுவது. இப்பவும் அல்லாஹ் காவலில் நானும் உன் அண்ணன் ஜாபரும் அவன் பெண்டாட்டி பிள்ளைகளும் இவ்விடம் சுகம். எனக்கு முழங்கால் வலி ஒன்றுதான், மழை விட்டால் அதுவும் விடும். நாகூரில் நீயும் மருமகனும் பேத்தி மைமூனும் சுகந்தானா? உன் இருமல் நின்றதா? தூதுவளை அரைத்துக் குடி என்று போன கடிதத்திலேயே எழுதினேன், நீ குடித்திருக்க மாட்டாய்.

ஒரு சேதி. உட்கார்ந்துகொண்டு படி. உன்னைப் பெற்ற அந்த ஜமேதாரின் கபுர் இங்கேதான் இருக்கிறது. பதினாறு வருஷமாக நான் குடியிருக்கிற இந்தக் கெமண்டைனில், ஜாபர் கயிற்றுக்கடைக்குப் போகிற வழியில், பழைய கபுருஸ்தானின் சுவரோரத்தில்.

எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். போலீசில் பென்ஷன் வாங்குகிற துரைமாரும் சுபேதார்மாரும் ஒன்றுகூடி, ஆதியில் எல்லைப் போலீசில் வேலை பார்த்து இறந்தவர்களின் கபுர்களைத் தேடிப் புதுப்பிக்கிறார்கள். அது காடு மண்டிப் பாம்பு குடியிருந்த மூலை. எது யாருடையது என்று காட்ட, பர்கத்துல்லா என்று ஒரு கிழவனைப் பிடித்து வந்திருக்கிறார்கள். அவனும் அந்தப் போலீசில் இருந்தவன்தான். வடக்கத்தியான், ஆனால் நம் ஆட்களோடு சோறு தின்றே தமிழ் படித்துக்கொண்டான். அவன் ஜாபர் கடையில் கயிறு வாங்கிக்கொண்டே, "சுவரோரம் படுத்திருக்கவரு தஸ்தகீர் ஜமேதார், ஒங்க நாகூர்க்காரரு" என்றானாம்.

எனக்கு மறதி கிடையாது, உனக்குத் தெரியும். பட்டாளத்தை விட்டு எல்லைப் போலீசில் சேர்ந்தவன், பாமோவுக்கு மேலே மலைத் தாணாவில் ஜமேதார் வேலை என்று பீற்றிக்கொண்டு என் தங்கச்சி பக்ருன்னிசாவைக் கப்பலேற்றினான். மலைக்காய்ச்சல் இருக்கிற ஊர், பச்சைப் பிள்ளை தாங்காது என்று உன்னை என் மடியில் போட்டுவிட்டுப் போனார்கள். இரண்டு கடிதம் வந்தது, பிறகு இல்லை. அடுத்த வருஷம் பாமோவுக்கு வியாபாரத்துக்குப் போய்த் திரும்பிய இப்ராஹிம் வந்து சொன்னார்: "ஜமேதார் வீட்டுல ஒரு பர்மாக்காரி சோறாக்குறா. ஒங்க தங்கச்சியக் காணோம்." அவ்வளவுதான். என் தங்கச்சியை அவன் எந்தக் காட்டில் விட்டான், அவள் இருந்தாளா இறந்தாளா, இன்றுவரை தெரியாது.

அவள் பேரிலும் எனக்கு ஒரு கோபம் உண்டு. எங்கள் உம்மா மவுத்தாகி நாற்பது கழியுமுன் அம்மி யாருக்கு என்று பேச்சு வந்தது. மூத்தவள் நான், அம்மி எனக்குத்தான். அவள் என்ன செய்தாள், கப்பலேறுகிற அன்றைக்குக் குழவியை மட்டும் துணியில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "அம்மிய நீயே கட்டிக்கிட்டு அழு லாத்தா, கொழவி எங்கூட வருது" என்றாள். அதற்குப் பிறகு ஊரிலும், அம்மியோடு இங்கே வந்தும் எத்தனையோ குழவி வாங்கிவிட்டேன். ஒன்றும் அந்த அம்மியின் குழியில் உட்காரவில்லை.

பெற்றவன் கபுர், உன்னிடம் மறைக்கக் கூடாதென்று எழுதினேன். ஜாபரிடம் சொல்லிவிட்டேன், துரைமார் காசில் வெள்ளையடிக்கிறார்கள், அடிக்கட்டும், நம் வீட்டிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் அங்கே போகக் கூடாது என்று.

துஆவுடன்,
பெரியம்மா


நாகூர்
1926 செப்டம்பர் 5

கண்ணியமிக்க பெரியம்மாவுக்கு மகள் ஜுலைகா சலாம். இங்கே எல்லோரும் சுகம். இருமல் குறைந்திருக்கிறது. தூதுவளை குடித்தேன், நம்புங்கள்.

கடிதத்தை மூன்று முறை படித்தேன். பெரியம்மா, நீங்கள் ஊட்டி வளர்த்தவள் நான், உங்களை எதிர்த்துப் பேசியதில்லை. ஆனால் "அந்த ஜமேதார்" என்று எழுதாதீர்கள். எனக்கு வாப்பா என்று சொல்ல இருப்பது அந்தக் கபுர் ஒன்றுதான். ஜாபர் அண்ணன் அங்கே போய் எனக்காக ஒரு பாத்திஹா ஓதட்டும். ஒரு செம்புத் தண்ணீரும் ஊற்றட்டும்.

இன்னொன்று. பர்கத்துல்லாவிடம் உம்மாவைப் பற்றிக் கேளுங்கள். வாப்பா கபுருக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். எனக்கு இது சீக்கிரம் தெரிந்தால் நல்லது.

மைமூன் உங்களுக்கு சலாம் சொல்கிறாள்.

ஜுலைகா


ரங்கூன், கெமண்டைன்
1926 அக்டோபர் 3

அன்பு மகளுக்குப் பெரியம்மா எழுதிக்கொள்வது. நாங்கள் சுகம், அல்ஹம்துலில்லாஹ். மழை ஓய்ந்து வருகிறது. அடுத்த வீட்டு மா சீன் ஙப்பிக்கு மீன் காய வைக்கத் தொடங்கிவிட்டாள். இனி மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் தொழ வேண்டும்.

நீ கேட்டதற்காக ஜாபரை அனுப்பினேன். பாத்திஹா ஓதினான். தண்ணீரும் ஊற்றினானாம், நான் கேட்கவுமில்லை, தடுக்கவுமில்லை. பெண்பிள்ளைகள் கபுருஸ்தானுக்குள் போவது நம்மில் வழக்கமில்லை, ஆகையால் அவன் பார்த்து வந்ததைத்தான் எழுதுகிறேன்.

கொத்து வேலை செய்கிறவன் நம் சந்து வடிவேல். காட்டை வெட்டி, சரிந்த கபுர்களை நிமிர்த்தி, எல்லாவற்றுக்கும் ஒரே உயரத்தில் புது மீசான் கல் நட்டிருக்கிறான். போலீஸ்காரர்கள் வரிசையாக நிற்பதுபோலவே இருக்கிறதென்று ஜாபர் சொல்கிறான். கடைசியில், சுவரோரம், அந்த ஜமேதார். பொறுத்துக்கொள், கை அப்படியே எழுதிப் பழகிவிட்டது. அவன் பக்கத்தில் பெயரில்லாத ஒரு கபுர் இருக்கிறது. மலையில் குண்டடி பட்டு அவனை ஆற்றுக் கப்பலில் இறக்கிக்கொண்டு வந்தபோது பர்கத்துல்லாதான் கூட வந்தானாம். "சுவரோரம் ஒரு கபுர் இருக்கு, அது பக்கத்துல வைங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டு மவுத்தாகியிருக்கிறான். அது யாருடையதென்று பர்கத்துல்லாவுக்குத் தெரியாது. கூட இருந்த சிநேகிதன் எவனாவது இருக்கும் என்கிறான்.

நானும் அதைத்தான் நினைக்கிறேன். அதில் எத்தனை கல் என்று ஜாபரிடம் கேட்டேன். தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று, இரண்டுதான் என்றான். உனக்குத் தெரிந்ததுதான், ஆண் என்றால் மீசான் கல் இரண்டு, பெண் என்றால் நடுவில் ஒன்று சேர்த்து மூன்று. ஆகவே அது ஆண் கபுர். உன் உம்மா அங்கே இல்லை மகளே. நான் உனக்குப் பொய் எழுத மாட்டேன்.

சுகத்துக்கு எழுது.

பெரியம்மா


ரங்கூன், கெமண்டைன்
1926 டிசம்பர் 12

ஜுலைகாவுக்குப் பெரியம்மா சலாம். இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. உன் சுகம் எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் நீ எழுதவில்லை. நாகப்பட்டினத்துக் கப்பல் வந்ததும் போனதுமாக இருக்கிறது. ஜாபர் ஜெட்டிக்குப் போய் வெறுங்கையோடு வருகிறான்.

நேற்று வந்த கப்பலில் நம் தெரு பீர் முகைதீன் வந்தார். வெற்றிலை போட உட்கார்ந்தவரிடம் ஊர் சேதி கேட்டேன். "மைமூன் சம்பந்தம் நின்னுபோச்சாமே, ஒங்களுக்கு எழுதலியா?" என்றார். எனக்கு எழுதவில்லை. சம்பந்தம் பேசினதையே எழுதவில்லை. வெற்றிலை வாயோடு ஒரு வெளி ஆள் சொல்லி, என் பேத்தி கல்யாணத்தை நான் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று.

ஏன் மறைத்தாய்? யார் என்ன சொன்னார்கள்? நான் இன்னும் மவுத்தாகவில்லை.

பதில் அடுத்த கப்பலில் வர வேண்டும்.

பெரியம்மா


நாகூர்
1927 ஜனவரி 2

பெரியம்மாவுக்கு சலாம். கோபிக்க வேண்டாம். உங்கள் உடம்பை நினைத்துத்தான் எழுதாமல் இருந்தேன்.

மாப்பிள்ளை நல்லவர். காரைக்காலில் பாய்மரக் கடை வைத்திருக்கிறார்கள். ஆடி மாதமே எல்லாம் பேசி முடிந்தது. அப்புறம் யாரோ போய் ஊதிவிட்டார்கள். மாப்பிள்ளையின் உம்மா எங்கள் வீட்டுக்கே வந்து உட்கார்ந்து கேட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க. பொண்ணோட உம்மும்மா பர்மாவுல புருஷன விட்டுட்டுப் போயிட்டாகன்னு சொல்றாக. மவுத்தானவகளா, போனவகளா? அது மட்டும் தெரிஞ்சா போதும்."

அது மட்டும்தான் பெரியம்மா எனக்கும் தெரியவில்லை. நாற்பது வயதாகிறது, இன்றைக்கும் யாராவது உன் உம்மா எங்கே என்று கேட்டால் நான் தரையைத்தான் பார்க்கிறேன். அன்றைக்கும் தரையைப் பார்த்தேன். மைமூன் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

அவர்கள் முடிவாக வேண்டாம் என்று சொல்லவில்லை. ஹஜ்ஜுப் பெருநாள் வரை பார்ப்பதாகச் சொல்லிப் போயிருக்கிறார்கள். சுவரோரத்துக் கபுரில் இரண்டு கல் என்று நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு எனக்குப் பேனா எடுக்கத் தோன்றவில்லை. வேறொன்றுமில்லை.

முழங்காலுக்கு எண்ணெய் போடுகிறீர்களா?

ஜுலைகா


ரங்கூன், கெமண்டைன்
1927 ஜனவரி 23

மகள் ஜுலைகாவுக்கு. சலாம். சுகம். முழங்காலைப் பற்றி இப்போது பேசாதே.

ஊதிவிட்டது யாரென்று எனக்குத் தெரியும், பெயர் எழுத மாட்டேன். அவள் வாப்பா எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீருக்கு நின்ற காலத்தையும் நான் மறக்கவில்லை.

இப்போது கேள். வயிறு எரிகிற சேதி. முந்தாநாள் வடிவேல் நம் அடுப்படித் தரை பூச வந்தான். பூசிக்கொண்டே தன் வேலைப் பெருமையை அளந்தான். "தொரை சொல்லிப்புட்டாரு பீவிம்மா, எல்லாம் பரேடு மாதிரி நிக்கணும்னு. நானும் அளவு புடிச்சு, ஆளுக்கு ரெண்டு கல்லுன்னு அடிச்சுட்டேன். சொவத்தோரம் ஒண்ணுல மட்டும் கோணலா மூணு கெடந்துச்சு. நடுவுல இருந்ததப் புடுங்கிப் போட்டுட்டுத்தான் வரிச நேரா வந்துச்சு."

நான் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தேன். "எது, ஜமேதாருக்குப் பக்கத்துல உள்ளதா?"

"அதேதான். நடுவுல இருந்தது சரியான கல்லுகூட இல்ல பீவிம்மா, உருண்டையா என்னமோ ஒண்ணு. யாரோ போக்கத்தவன் நட்டிருக்கான்."

பாவி. அவனுக்கு நம் வழக்கம் என்ன தெரியும். பரேடு என்று ஒரு பெண்பிள்ளையை ஆணாக்கி நிறுத்திவிட்டான். பார்த்துவிட்டு வந்த ஜாபருக்கும் புத்தியில்லை, புதுக்கல்லை எண்ணிவிட்டு வந்திருக்கிறான்.

ஆக, அந்த ஜமேதார் பக்கத்தில் படுத்திருப்பது ஒரு பெண். யாரென்று நான் சொல்ல வேண்டுமா? அந்தச் சோறாக்கின பர்மாக்காரி. அவளுக்கு மூன்று கல் நட்டு, சாகும்போது அவள் பக்கத்தில் வையுங்கள் என்று கேட்டு வாங்கிப் படுத்திருக்கிறான். என் தங்கச்சிக்கு ஒரு கல்கூட எங்கும் இல்லை. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. ஜாபரிடம் சொல்லிவிட்டேன், இனி தண்ணீரும் கிடையாது பாத்திஹாவும் கிடையாது என்று. இந்த முறை நீ என்ன எழுதினாலும் கேட்க மாட்டேன்.

மைமூனைத் தைரியமாக இருக்கச் சொல்.

பெரியம்மா


நாகூர்
1927 பிப்ரவரி 6

பெரியம்மாவுக்கு ஜுலைகா சலாம். சுகம் கேட்க இப்போது நேரமில்லை, கப்பலுக்குத் தபால் பை கட்டுவதற்குள் இதைச் சேர்க்க வேண்டும்.

அந்த உருண்டைக் கல் எங்கே? வடிவேல் அதை எங்கே போட்டான்? உடனே ஆள் அனுப்பி எடுத்து வரச் சொல்லுங்கள். எடுத்து வந்து உங்கள் அம்மியில் வைத்துப் பாருங்கள்.

நீங்கள் கோபத்தில் எழுதியிருக்கிறீர்கள், யோசிக்கவில்லை. அந்தக் குழவிக் கதையைச் சோற்றோடு பிசைந்து எனக்கு ஊட்டியவர் நீங்கள். எனக்கு அது மறக்கவில்லை.

ஜுலைகா


ரங்கூன், கெமண்டைன்
1927 மார்ச் 6

என் கண்ணான மகள் ஜுலைகாவுக்கு, பெரியம்மா சுல்தான் பீவி ஆயிரம் சலாமும் அதற்கு மேல் துஆவும் சொல்லி எழுதுவது. நாங்கள் எல்லோரும் சுகம். நன்றாகவே சுகம். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் ஜாபர் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

உன் கடிதம் வந்தபோது அடுப்பில் குழம்பு கொதித்தது. படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன், குழம்பு அடிப்பிடித்துவிட்டது. மருமகள் என்னவோ ஏதோவென்று ஓடி வந்தாள். வடிவேலைக் கூப்பிடச் சொன்னேன்.

"அந்த உருண்டைக் கல்லு எங்கடா?"

"எந்தக் கல்லு?" என்று தலையைச் சொறிந்தான். அப்புறம் சொன்னான்: "சுண்ணாம்புத் தொட்டி ஆடுச்சேன்னு அண்டக் குடுத்து வச்சிருக்கேன். அதுக்கு ஏன் பீவிம்மா இப்புடி எந்திரிச்சு நிக்கிறீங்க?"

ஜாபரும் அவனும் போய் எடுத்து வந்தார்கள். மேலெல்லாம் சுண்ணாம்பு. நானே கழுவினேன். கழுவக் கழுவக் கறுப்பு வந்தது. ஒரு முனையில் சில்லுப் பெயர்ந்திருந்தது, சின்ன வயதில் நான் கீழே போட்டு உம்மாவிடம் அடி வாங்கின சில்லு. எங்கள் உம்மாவுக்கு இடது கைப் பழக்கம், ஆகையால் குழவி ஒரு பக்கம்தான் தேய்ந்திருக்கும். அந்தப் பக்கம் தேய்ந்திருந்தது. அம்மியில் வைத்தேன். ஜுலைகா, அது உட்கார்ந்தது. எதைக் கொண்டுவந்தாலும் லொடலொடவென்று ஆடுகிற அந்தக் குழியில், தாய் மடியில் பிள்ளை உட்கார்ந்ததுபோல உட்கார்ந்தது.

உன் உம்மா இங்கேதான் இருக்கிறாள். பதினாறு வருஷமாக எனக்குக் கூப்பிடு தூரத்தில்.

பர்கத்துல்லாவைக் கூப்பிட்டுத் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டேன். அவள் கப்பலேறிப் போன அந்த வருஷமே உன் வாப்பா ஊருக்குப் போக லீவு வாங்கினாராம். பெண்டாட்டி, பிள்ளையைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்று அழுகிறாள், நாகூரில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறேன் என்று தாணாவில் சொல்லிவிட்டு இரண்டு பேரும் ரங்கூனுக்கு இறங்கியிருக்கிறார்கள். சீக்கிரமே அவர் மட்டும் திரும்பி வந்தார். பெண்டாட்டியைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார் என்று தாணாவில் எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். இவர் வாயைத் திறக்கவில்லை. இங்கே அந்த வருஷம் பேதி கண்டு ஆட்கள் கொத்துக் கொத்தாகப் போனார்களாம். கப்பல் வருவதற்குள் அவள் போய்விட்டிருக்கிறாள்.

"இத ஏன் நீ மொதல்லயே சொல்லல?" என்றேன்.

"யாரும் கேக்கலியே பீவி. ஜாபர் தம்பி, கபுர் எதுன்னுதான் கேட்டாரு."

"பாமோவுல ஒரு பர்மாக்காரி சோறாக்குனாளே?"

கிழவன் சிரித்துவிட்டான். "தாணாவுக்கே ஆக்குனா பீவி. எனக்குந்தான் ஆக்கிப் போட்டா. மீன்கொழம்புல புளி ஊத்தவே தெரியாது அவளுக்கு."

இப்ராஹிம் பார்த்தது அவ்வளவுதான். மிச்சத்தையெல்லாம் ஊரார் சேர்த்தார்கள், நானும் சேர்த்தேன். இப்ராஹிமும் கண் மூடிவிட்டார், இல்லாவிட்டால் நேரில் கேட்டிருப்பேன்.

மைமூன் மாமியாரிடம் ஜாபர் எல்லாவற்றையும் சொல்லட்டும். அந்த அம்மாளுக்கு நான் சொன்னதாக இதையும் சொல்லட்டும். புருஷனை விட்டு ஓடுகிறவள் நகையைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். குழவியைத் தூக்கிக்கொண்டா ஓடுவாள்? மலையிலிருந்து ஆறு வழியாக ரங்கூன் வரை ஒருத்தி குழவியைச் சுமந்து வருகிறாள் என்றால், அது சேர வேண்டிய அம்மிக்குத்தான் வருகிறாள். என்னிடம் திருப்பிக் கொடுக்கத்தான் எடுத்து வந்திருக்கிறாள். உன் வாப்பாவுக்கு அது தெரிந்திருக்கும். அதனால்தான் வேறு கல் தேடாமல் அதையே நடுவில் நட்டிருக்கிறார்.

பர்கத்துல்லா இன்னொன்றும் சொன்னான். அது தேவையில்லாத பேச்சு, எழுதவில்லை.

இன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

உன்
பெரியம்மா


நாகூர்
1927 மே 15

என் உயிரான பெரியம்மாவுக்கு மகள் ஜுலைகாவும் மருமகனும் பேத்தி மைமூனும் கோடி சலாம். நாங்கள் சுகமாக இருக்கிறோம். நான் சுகம் என்று மனதார எழுதி எத்தனையோ காலம் ஆகிறது.

ஜாபர் அண்ணன் வந்த அன்றே காரைக்காலுக்கு ஆள் போயிற்று. மாப்பிள்ளையின் உம்மா, வாப்பா, பெரியவர்கள் எல்லோரும் வந்தார்கள். அண்ணன் ஒன்று விடாமல் சொன்னார். நீங்கள் சொல்லச் சொன்ன நகையும் குழவியும் வந்தபோது அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், அப்புறம் கண்ணைத் துடைத்தார். "எங்க மாமியாளும் நானும் ஒரு இடிகல்லுக்குப் பன்னெண்டு மாசம் பேசிக்கல. எனக்குப் புரியுது" என்றார். எழுந்து உள்ளே வந்து மைமூன் கையைப் பிடித்துக்கொண்டார். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து நிக்காஹ். நீங்கள் வர முடியாது, அது ஒன்றுதான் குறை.

அன்றைக்கே உம்மா பேரில் பாத்திஹா ஓதினோம். மவுத்தானவர்களுக்கு ஓதுவதுபோல முறையாக ஓதினோம். இத்தனை நாள் எப்படி ஓதுவது என்று தெரியாமல் நான் ஓதாமலே இருந்தேன் பெரியம்மா.

நீங்கள் எழுதாமல் விட்டதையும் அண்ணன் சொல்லிவிட்டார். குண்டடி பட்டுக் கப்பலில் படுத்திருந்த வாப்பாவிடம், ஊரில் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று பர்கத்துல்லா கேட்டாராம். வாப்பா சொன்னாராம்: "எம்மவ இருக்கா. ஆனா பெரிய மச்சிகிட்ட இருக்கா. அவக தங்கச்சி மவுத்தாயிட்டான்னு அவககிட்ட யாரு போய்ச் சொல்றது? தோட்டாவுக்கு முன்னாடி நின்னுடுவேன் பர்கத்து. அவக முன்னாடி என்னால நிக்க முடியாது." உம்மா ஊருக்கு வரும் வழியில் கப்பலில் மவுத்தானதாகப் பர்கத்துல்லா நினைத்துக்கொண்டாராம், பக்கத்துக் கபுரை அவர் யோசிக்கவில்லை.

சிரிக்கக் கூடாது என்று பார்த்தேன். முடியவில்லை. வாப்பா பேசி நான் கேட்ட ஒரே பேச்சு அதுதான், அதில் என் பெரியம்மா இருக்கிறார்.

இனி உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்தக் குழவி உம்மாவிடமே போகட்டும்.

உங்கள்
ஜுலைகா


ரங்கூன், கெமண்டைன்
1927 ஜூன் 19

மகள் ஜுலைகாவுக்கும் மருமகனுக்கும், கல்யாணப் பெண் மைமூனுக்கும் பெரியம்மாவின் சலாமும் துஆவும். இங்கே மழை பிடித்துக்கொண்டது. முழங்கால் வலிக்கிறது, ஆனாலும் சுகம்.

பர்கத்துல்லாவுக்கு இனி என் வீட்டில் தேத்தண்ணீர் கிடையாது. ஜாபருக்கும் ஒரு வாரம் கிடையாது. எழுதவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று தெரிய வேண்டாமா? உன் வாப்பாவும் நல்ல ஜமேதார்தான் போ. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் என்ன ஆளைக் கடித்தா தின்றுவிடுவேன்? அழுதிருப்பேன், திட்டியிருப்பேன், பிறகு சோறு போட்டிருப்பேன்.

நீ கேட்டபடியே ஆயிற்று. கொடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை அம்மியில் வைத்து, தேங்காயும் கசகசாவும் அரைத்தேன். நெய்ச்சோறு ஆக்கி என் தங்கச்சி பேரில் ஓதி, சந்து முழுக்கக் கொடுத்தேன். மா சீனுக்கும் கொடுத்தேன். அவள் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாள். பிறகு குழவியைக் கழுவித் துடைத்து, என் கல்யாணத் துப்பட்டியில் சுற்றிக் கொடுத்தனுப்பினேன்.

வடிவேல் தன் கையாலேயே நட்டான். கூலி வாங்கமாட்டேன் என்றுவிட்டான். நட்ட சூட்டிலேயே துரை பார்வையிட வந்துவிட்டாராம். வரிசை முழுக்க இரண்டு இரண்டாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் கடைசியில் நின்று, இங்கே மட்டும் ஏன் மூன்று என்று பிரம்பை நீட்டியிருக்கிறார். ஜாபர் வாயைத் திறப்பதற்குள் வடிவேல் முன்னால் போய், "இது லேடி சார். ஜமேதார் சம்சாரம்" என்றானாம். துரை பிரம்பை இறக்கிவிட்டுத் தொப்பியைக் கழற்றினாராம். வரிசை கோணலாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

நான் கபுருஸ்தான் வாசல் வரை போனேன். உள்ளே போகவில்லை. கம்பிக் கதவு வழியாகப் பார்த்தால் சுவரோரம் தெரிகிறது. தலைமாட்டில் மருதாணிக் கன்று வைக்கச் சொல்லியிருக்கிறேன், இந்த மழைக்குப் பிடித்துவிடும். வெள்ளிக்கிழமைதோறும் ஜாபர் தண்ணீர் ஊற்றுகிறான். தங்கச்சி மாப்பிள்ளைக்கும் சேர்த்தே ஊற்றச் சொல்லிவிட்டேன். அவருக்கென்று தனியாக ஒரு செம்பு.

மைமூனுக்குச் சீராக இந்தக் கப்பலில் அம்மியைச் சாக்கில் கட்டி அனுப்புகிறேன். கனம், இரண்டு ஆள் வைத்து இறக்கச் சொல். என் உம்மா அரைத்தது, நான் அரைத்து உனக்கு ஊட்டியது. காரைக்காலில் அவள் அடுப்படியில் கிடக்கட்டும். அங்கே கிடைக்கிற குழவி எதையாவது வைத்து அரைத்துக்கொள்ளட்டும். கொஞ்சம் ஆடும், பழகிவிடும்.

சீர் பார்க்க வருகிறவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். வெறும் அம்மி வந்திருக்கிறதே, இதன் குழவி எங்கே என்று யாராவது கேட்பார்கள். நீ தரையைப் பார்க்காதே. ரங்கூனில் என் உம்மாவிடம் இருக்கிறது, பத்திரமாக இருக்கிறது என்று சொல்.

பெரியம்மா
சுல்தான் பீவி